லைசென்ஸ் வாங்கி ஏழு மாதம்; குமுளி மலைச்சாலையை நினைத்தாலே கால் நடுங்குகிறது

ஏலக்காய்க் கணக்கு:

எனக்கு 41 வயது. வீடு கூடலூரில் (தேனி மாவட்டத்துக் கூடலூர், நீலகிரி இல்லை). வேலை குமுளியில், ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுவது. இத்தனை வருடமும் பஸ்தான். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். அவர் வாங்கிப் போட்ட பழைய பெட்ரோல் வேகன் ஆர் வாசலில் நிற்கிறது. வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து அணைப்பதோடு சரி.

பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து லைசென்சும் வாங்கிவிட்டேன். அங்கே ஓட்டும்போது பயமே இல்லை, மூன்றாவது கியர் வரை போயிருக்கிறேன். சொந்த வண்டியில் உட்கார்ந்ததும் எல்லாம் போச்சு. மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் நான்கு முறை ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் தோட்டத்து ஜீப். அவர் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது.

ஒரே ஒரு நாள் கொழுந்தனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மலையேறினேன். இரைச்சல் பாலம் தாண்டி ஒரு லாரிக்குப் பின்னால் நிற்க வேண்டி வந்தது. எடுக்கும்போது வண்டி இரண்டடி பின்னால் உருண்டுவிட்டது. அவர்தான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அப்புறம் என்னமோ கருகிய நாற்றம் வேறு. "அண்ணி, உங்களுக்கு இது சரிவராது" என்று சொல்லிவிட்டு மீதி தூரத்தை அவரே ஓட்டினார்.

தியானம் செய், மூச்சுப் பயிற்சி செய் என்கிறாள் தோழி. பயம் போக என்னதான் வழி?

மெட்டுக்காரன்:

ஏஎம்டி வண்டி, அதான் கியர் தானா மாறுமே, அதை வாங்கிடுங்க அக்கா. கிளட்ச் பெடலே கிடையாது. பிரச்சினை முடிந்தது.

பழைய டிரைவர், லோயர்கேம்ப்:

அம்மா, ஒரே ஒரு கேள்வி. பள்ளி வண்டியில் வாத்தியார் காலடியிலும் பெடல் இருந்ததா?

ஏலக்காய்க் கணக்கு:

ஆமாம் அண்ணா. கிளட்ச், பிரேக் இரண்டும் இருந்தது. "நீங்க ஸ்டியரிங்கை மட்டும் பாருங்க, கீழே நான் பார்த்துக்கிறேன்" என்பார்.

பழைய டிரைவர், லோயர்கேம்ப்:

அதானே பார்த்தேன். நீங்கள் பாதி வண்டிதான் ஓட்டியிருக்கிறீர்கள், மீதியை அவர் ஓட்டியிருக்கிறார். உங்கள் கைக்குப் பழக்கம் வந்துவிட்டது, இடது காலுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. நான் 31 வருடம் பஸ் ஓட்டியவன். தியானம் நல்லதுதான், ஆனால் அதைச் செய்தால் கிளட்ச் பழகாது.

மலையைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். காலையில் ஆள் இல்லாத சமதள மைதானத்துக்கு, நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கத்தாத ஆளாக இருக்க வேண்டும், அது முக்கியம். செருப்பைக் கழற்றி வையுங்கள். கிளட்சை அடிவரை மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கி இருக்கும்படி சீட்டை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஓட்டுபவர்கள் தள்ளி உட்கார்ந்து விரல் நுனியால் மிதிப்பார்கள், அங்கேயே பாதி தப்பு.

ஃபர்ஸ்ட் கியர் போடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடவே கூடாது. கிளட்சை அரிசி களைந்த தண்ணீரை வடிக்கிற மாதிரி மெதுவாக விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் கம்மும், பானெட் லேசாகத் தூக்கும். அங்கே காலை நிறுத்துங்கள். வண்டி தானாக நகர ஆரம்பிக்கும். பெட்ரோல் வண்டி சமதளத்தில் கிளட்சிலேயே நகரும், ஆக்சிலேட்டர் வேண்டாம். பத்தடி போனதும் கிளட்ச், பிரேக் மிதித்து நிறுத்துங்கள். மறுபடி அதே. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. அலுத்துப் போகும். அலுக்கட்டும், அலுக்கிறது என்றால் பயம் போய்விட்டது என்று அர்த்தம்.

ஆஃப் ஆனால் பதறாதீர்கள். பிரேக்கில் கால், கிளட்ச் முழுக்க, சாவியைத் திருப்பு, மறுபடி எடு. நாலு செகண்ட் வேலை. பின்னால் ஹாரன் அடிப்பவன் அடிக்கட்டும், அவன் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

சீலையம்பட்டி ஒர்க்‌ஷாப்:

அண்ணன் சொன்னது சரி. கருகிய நாற்றத்துக்குப் பதில் நான் சொல்கிறேன். ஏற்றத்தில் பிரேக் போடாமல் அரை கிளட்சிலும் ஆக்சிலேட்டரிலும் வண்டியைத் தாங்கிப் பிடித்திருக்கிறீர்கள். கிளட்ச் பிளேட் உராய்ந்து சூடாகி அந்த நாற்றம் வரும். ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது. பழக்கமாகிவிட்டால் செலவு வைக்கும்.

இன்னொன்று. வண்டி ரொம்ப நாளாகச் சும்மா நிற்கிறது என்கிறீர்கள். மலையேற்றும் முன் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்த டயர். பட்டன் (ரோட்டில் படுகிற வரி) தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டு வெடிப்பு விட்டிருக்கலாம். ஹேண்ட் பிரேக் கேபிளும் தளர்ந்திருக்கும், இறுக்கச் சொல்லுங்கள். அது பிடிக்காவிட்டால் ஏற்றத்தில் எடுக்கப் பழகவே முடியாது.

வண்டிப்பெரியார் டீச்சர்:

தங்கச்சி, நானும் தமிழ்தான், லைசென்ஸ் மட்டும் கேரளா. நான் எடுத்தபோது இங்கே காருக்கு 'எச்' போட வேண்டியிருந்தது, அதாவது கம்பி நட்ட எச் வடிவப் பாதையில் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்ட வேண்டும். கம்பியைத் தட்டி முதல் தடவை ஃபெயில். அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மைதானத்தில் கால் பழகிய பிறகு, லேசான மேடு ஒன்றைப் பிடியுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்துங்கள். கிளட்ச், ஃபர்ஸ்ட். இப்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, சத்தம் சீராக வந்ததும் கிளட்சை மெதுவாக விடுங்கள். முன்பக்கம் எழும்ப முயலும், ஹேண்ட் பிரேக் பிடித்திருப்பதால் போகாது. அந்த நேரத்தில் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாது. அதை முதல் தடவை பார்த்தபோது நான் வண்டிக்குள்ளேயே கை தட்டினேன்.

மலைச்சாலையில் நேரம் பார்த்துப் போங்கள். விடிகாலையில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறும், சாயங்காலம் இறங்கும். அவர்கள் அவசரம் அவர்களுக்கு, கூலி நேரக் கணக்கு. பத்து மணிக்கு மேல் ரோடு உங்களுடையது.

மெட்டுக்காரன்:

இறங்கும்போது ஒரு டிப்ஸ்: நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் 😀

பழைய டிரைவர், லோயர்கேம்ப்:

தம்பி, இதைப் படித்துவிட்டுப் புதிதாக ஓட்டுகிற ஒருவர் செய்து பார்த்தால் யார் பொறுப்பு? கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் அடிப்பதே நின்றுவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும். ஆக மிச்சமும் கிடையாது. முழுப் பாரமும் பிரேக்கில் விழும், சூடேறினால் பிடிப்பு குறையும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். குமுளி இறக்கத்துக்குச் செகண்ட் போதும்.

அப்புறம் ஏஎம்டி பற்றி. தப்பில்லை, வசதி இருந்தால் வாங்கலாம். ஆனால் ஹில் ஹோல்ட் (ஏற்றத்தில் எடுக்கும்போது பிரேக்கைச் சில நொடி தானே பிடித்துவைக்கும் வசதி) இல்லாத ஏஎம்டி ஏற்றத்தில் பின்னால் உருளத்தான் செய்யும்.

அம்மாவுக்கு: கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே செகண்டுக்கு வந்துவிடுங்கள், வளைவுக்குள் கியரைத் தேடாதீர்கள். ஹாரன் அடியுங்கள். மேலே பஸ் தெரிந்தால் வளைவுக்குக் கீழேயே நின்றுவிடுங்கள், பஸ் திரும்ப முழு ரோடும் வேண்டும். அகலம் பற்றாத இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிறவர் வழிவிட வேண்டும், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அதற்காக பஸ்ஸிடம் சட்டம் பேச வேண்டாம்.

மெட்டுக்காரன்:

சரி சரி அண்ணே, வாபஸ். ஆனாலும் டிராஃபிக்கில் ஏஎம்டிதான் சுகம்.

ஏலக்காய்க் கணக்கு (24 நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் மைதானம். கொழுந்தனார் வேண்டாம் என்று பக்கத்து வீட்டு அத்தையைக் கூட்டிப் போனேன். அவர் ஆம்னி ஓட்டிக் காய்கறி விற்றவர், ஒரு நாளும் கத்தவில்லை. நடுவில் வெற்றிலை போட்டுக்கொண்டு தூங்கியும் விட்டார். ஐந்தாவது நாள் பானெட் தூக்குவது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

டயர் நாலும் 2015. மாற்றிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு லோயர்கேம்ப்பிலிருந்து ஆறு கிலோமீட்டரும் ஏறினேன். பெரிய தண்ணீர்க் குழாய்கள் ரோட்டைக் கடக்கும் இடத்தில் மூடுபனி, லோ பீம் போட்டுக்கொண்டேன். மாதா கோயில் வளைவில் ஒரு தடவை ஆஃப் ஆனது. ஹேண்ட் பிரேக், சாவி, ஃபர்ஸ்ட். உருளவில்லை. பின்னால் இருந்த கேரளா பஸ் ஹாரன்கூட அடிக்கவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இன்னும் ஒரு சந்தேகம். கடை வாசல் சரிவு. நிறுத்திவிட்டு உள்ளே போனால் மனசு வண்டியிலேயே இருக்கிறது. ஹேண்ட் பிரேக் மட்டும் போதுமா?

சீலையம்பட்டி ஒர்க்‌ஷாப்:

போதாது. ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, கியரிலும் போட்டு வையுங்கள். மூக்கு மேட்டைப் பார்த்திருந்தால் ஃபர்ஸ்ட், பள்ளத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸ். முன் சக்கரத்தை ஓரத்துச் சுவர் பக்கம் திருப்பி விடுங்கள். சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைக்கலாம். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது கிளட்சை மிதித்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள், இல்லாவிட்டால் குதிக்கும்.

பழைய டிரைவர், லோயர்கேம்ப்:

கிளம்பும்போது கல்லை ரோட்டிலேயே போட்டுவிட்டுப் போகாதீர்கள் அம்மா. இருட்டில் பைக்காரர்கள் விழுகிறார்கள். டிக்கியில் ஒரு மரக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள்.