Re: மெட்டாடேட்டாவுக்கு மீதரவா, மேனிலைத் தரவா? நான் "பாயிரம்"னு சொல்லிப் பாக்குறேன்

எல்லாருக்கும் வணக்கம்,

மெட்டாடேட்டாவுக்கு (ஒரு நூலையோ கோப்பையோ பத்தின விவரம், அதாவது தரவைப் பத்தின தரவு) தமிழ்ல மீதரவா, மேனிலைத் தரவான்னு ஓடுற இந்த இழையை ரெண்டு நாளா படிச்சிட்டு சும்மாதான் இருந்தேன், இப்ப வாயைத் திறக்கலன்னா நாளைக்கு யாராவது முடிவு பண்ணி விக்சனரிங்கிற இணைய அகராதில ஏத்திடுவீங்கன்னு பயந்து எழுதுறேன்.

> "மீ"ன்னா மேல, மெட்டான்னாலும் மேல. மீதரவு சரியாத்தானே இருக்கு, இதுல என்ன குழப்பம்?

குழப்பம் இருக்குங்க ஐயா. ஹைப்பர்லிங்க் மீயிணைப்பு, அல்ட்ராசவுண்ட் மீயொலி, சூப்பர் கம்ப்யூட்டர் மீத்திறன் கணினி, ஆக ஹைப்பர், அல்ட்ரா, சூப்பர்னு மூணு பேரோட வேலையை அந்த ஒத்த எழுத்து பாத்துட்டிருக்கு, நாலாவதா மெட்டாவையும் அது தலையில ஏத்தணுமா? ஒற்று போட்டு மீத்தரவுன்னு எழுதினா மீத்தேனுக்கு தம்பி மாதிரி இருக்கு (நான் டெல்டாக்காரன், அந்த பேரைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும்). ஒற்று இல்லாம மீதரவுன்னு சொன்னா, எங்க ஊர் நூலகத்துல ஸ்கேன் பண்ண பழைய புத்தகங்களுக்கு விவரம் அடிக்கிற பொண்ணு "மீதி தரவு எந்த ஷீட்ல சார் இருக்கு"ன்னு கேட்டுச்சு. அதும் மேல தப்பு சொல்ல முடியல. மேனிலைத் தரவுன்னா ஏதோ பெரிய அதிகாரிங்க மட்டும் பாக்குற தரவு மாதிரி ஒலிக்குது.

சரி, சொல்லை விட்டுட்டு பொருளைப் பாப்போம். 1995 மார்ச்ல அமெரிக்காவுல ஓஹியோ மாநிலத்துல டப்ளின்ங்கிற ஊர்ல, ஓசிஎல்சி நூலக அமைப்போட தலைமையிடத்துல, நூலகர்களும் கம்ப்யூட்டர்காரங்களுமா 52 பேர் உக்காந்து பேசினதுல பொறந்ததுதான் டப்ளின் கோர்ங்கிற மெட்டாடேட்டா கூறுகளோட பட்டியல். அயர்லாந்து டப்ளின் இல்ல, இழையில ரெண்டு பேர் அப்படி எழுதியிருக்காங்க. அவங்க பிரச்சனை என்னன்னா வலையில பக்கங்கள் கண்டபடி பெருகுது, நூலகத்துல புத்தகத்துக்கு போடுற விரிவான மார்க் (MARC) பட்டியல் பதிவை ஒவ்வொண்ணுக்கும் போட ஆளும் கிடையாது காலமும் கிடையாது, அதனால எழுதினவனே ஒரு பக்கத்துல நிரப்புற மாதிரி கொஞ்சமே கொஞ்சம் கூறுகள் போதும்னு 13 எடுத்தாங்க, அடுத்த வருஷம் படங்களைப் பத்தி பேச கூடினப்போ விளக்கமும் உரிமையும் சேந்து 15 ஆச்சு. எதுவும் கட்டாயம் இல்ல, எது வேணா எத்தனை தடவை வேணா வரலாம். 2003-ல ஐஎஸ்ஓ 15836-ங்கிற சர்வதேச தரநிலையாவும் ஆயிடுச்சு.

இப்ப நன்னூலை எடுங்க. 13-ஆம் நூற்றாண்டு, பவணந்தி முனிவர். பாயிரம்னா நூலோட முகவுரை. ஒரு நூலுக்கே உரிய சிறப்புப் பாயிரத்துல என்னென்ன வரணும்னு சொல்றார்:

"ஆக்கியோன் பெயரே வழியே எல்லை
நூற்பெயர் யாப்பே நுதலிய பொருளே
கேட்போர் பயனோடு ஆயெண் பொருளும்
வாய்ப்பக் காட்டல் பாயிரத்து இயல்பே"

அடுத்த சூத்திரத்துலயே காலம், களன் (நூல் அரங்கேறின அவை), காரணம்னு மூணை சேத்து சொல்றவங்களும் உண்டுங்கிறார். எட்டும் மூணும் பதினொண்ணு. டப்ளின் கோர்ல இருக்கிற கிரியேட்டர் (ஆக்கியோன்), சோர்ஸ் (வழி), கவரேஜ் (எல்லை), டைட்டில் (நூற்பெயர்), ரிலேஷன் (யாப்பு), சப்ஜெக்ட் (நுதலிய பொருள்), டேட் (காலம்) எல்லாமே உள்ள இருக்கு. கேட்போர்னு ஒண்ணு இருக்கு பாருங்க, ஆடியன்ஸ், அது டப்ளின் கோர்ல அந்த 15-ல கூட இல்ல, பின்னாடிதான் சேத்தாங்க. யாப்புன்னதும் வெண்பா ஆசிரியப்பான்னு நினைச்சிடாதீங்க, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்புன்னு நாலு வகை அவரே சொல்றார், அதாவது இந்த நூலுக்கும் மூல நூலுக்கும் என்ன உறவுன்னு. இதைத்தானே நாம ஷீட்ல "எதோட பதிப்பு, எதோட மொழிபெயர்ப்பு"ன்னு ரெண்டு பத்தி போட்டு நிரப்பிட்டிருக்கோம்!

தொல்காப்பியப் பாயிரத்தை இந்த பெட்டிகள்ல போட்டுப் பாத்தேன். எல்லை: வடவேங்கடம் தென்குமரி. களன்: நிலந்தரு திருவிற் பாண்டியன் அவை. அதை எழுதினது தொல்காப்பியர் இல்ல, பனம்பாரனார், கூடப் படிச்சவர்னு மரபு. இதுலதான் எனக்கு சிரிப்பு வந்துச்சு. பாயிரத்தை நூல் எழுதினவனோட வாத்தியாரோ, கூடப் படிச்சவனோ, மாணாக்கனோ, உரைகாரனோதான் சொல்லணும், தன்னைத் தானே புகழ்றது தகுதி இல்லன்னு நன்னூல் சொல்லுது. வலையில மெட்டா கீவேர்டை (தேடுபொறிக்காக பக்கத்துக்குள்ள எழுதி வைக்கிற குறிச்சொல்) பக்கம் எழுதினவனே போடலாம்னு விட்டாங்க, ஆளாளுக்கு சம்பந்தமே இல்லாத சொல்லையெல்லாம் திணிச்சாங்க, கடைசில 2009-ல கூகுள் "நாங்க அதை தரவரிசைக்கு பாக்குறதே இல்ல"ன்னு வெளிப்படையா சொல்லிடுச்சு.

அதனால என் முன்மொழிவு: மெட்டாடேட்டா = பாயிரம். மெட்டாடேட்டா எலிமெண்ட் = பாயிரக் கூறு. கிரியேட்டர் = ஆக்கியோன். 1995-ல அவங்களே முதல்ல "ஆத்தர்"னுதான் வச்சாங்க, ஓவியத்துக்கும் போட்டோவுக்கும் அது பொருந்தாதுன்னு அப்புறம் கிரியேட்டர்னு மாத்தினாங்க. ஆசிரியர்ன்னா நமக்கு வாத்தியார், பத்திரிகை எடிட்டர், எழுத்தாளர் எல்லாம் ஒண்ணு. ஆக்கியோன் நேரா ஆக்கினவனையே சுட்டுது.

அடிச்சு நொறுக்குங்க.

---

அண்ணா வணக்கம்,

நன்னூல் சூத்திரம் படிச்சு புல்லரிச்சது உண்மை, ஆனா சந்தோஷத்துல ஒரேயடியா தாண்டிட்டீங்களோன்னு தோணுது. நான் செல்போன் கம்பெனி ஒண்ணுல வேலை பாக்குறேன். யார் யாருக்கு எத்தனை மணிக்கு பேசினாங்க, எந்த டவர்ல இருந்துன்னு இருக்கே, அதுவும் மெட்டாடேட்டாதான். "காவல்துறை உங்கள் பாயிரத்தைக் கேட்டது"ன்னு செய்தி போட்டா எப்படி இருக்கும்னு யோசிங்க. போட்டோவுல கேமராவே எழுதி வைக்கிற லென்ஸ், ஃபிளாஷ் விவரமும் அப்படித்தான், அதுக்கு ஆக்கியோனும் கிடையாது கேட்போரும் கிடையாது.

இன்னொண்ணு. ஆக்கியோன் ஆண்பால். ஔவையார் பாட்டுக்கு ஆக்கியோன்னு பெட்டி போட்டு நிரப்பச் சொன்னா நான் நிரப்ப மாட்டேன்.

---

> "காவல்துறை உங்கள் பாயிரத்தைக் கேட்டது"

தங்கச்சி, டீ குடிக்கும்போது இதைப் படிச்சு கீபோர்ட் எல்லாம் டீ. ஒத்துக்கிறேன். பொதுவா மெட்டாடேட்டாங்கிறதுக்கு மீதரவே இருந்துட்டு போகட்டும், மீத்தேனோட நான் வாழப் பழகிக்கிறேன். ஆனா ஒரு நூலையோ, சுவடியையோ, வலைப்பக்கத்தையோ ஒரு மனுஷன் உக்காந்து படிச்சுப் பாத்து, இது யாரோடது, எதைப் பத்தினது, யாருக்குன்னு விவரிச்சு எழுதி வைக்கிறான் பாருங்க, அந்த பதிவு பாயிரம்தான். அதுல நான் இறங்கி வரமாட்டேன். "ஆயிரம் முகத்தான் அகன்றது ஆயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே"ன்னு வேற சொல்லிட்டுப் போயிருக்கார், விவரமே இல்லாம "ஸ்கேன்0047"ன்னு பேர் வச்சு ஏத்துற பிடிஎஃப் எல்லாத்துக்கும் இதை ஒட்டி வைக்கலாம்.

ஆக்கியோர். ஆண் பெண் தொல்லையும் இல்ல, ரெண்டு பேர் சேந்து எழுதினாலும் சரி, ஒரு நிறுவனமா இருந்தாலும் சரி. இது எனக்கு முதல்லயே தோணியிருக்கணும்.

ஆனா எந்தப் பொருளோட ஆக்கியோர்ங்கிறதுல கவனமா இருங்க. ஒரு தளத்துல திருக்குறள் பிடிஎஃப்க்கு கிரியேட்டர்னு ஸ்கேன் பண்ணவர் பேரைப் போட்டிருந்தாங்க, வள்ளுவர் எங்கயுமே இல்ல. ஒரு பதிவு ஒரு பொருளைத்தான் விவரிக்கணும்னு டப்ளின் கோர்காரங்க மோனலிசாவை வச்சே சொல்லுவாங்க, ஓவியம் வேற, அதோட போட்டோ வேற. நமக்கு ஓலை வேற, அச்சு வேற, பிடிஎஃப் வேற. பரிமேலழகர் பங்களிப்பாளரா, இல்ல உரை தனி நூலா அவரே ஆக்கியோரான்னு கேட்டா எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. தனிப் பதிவு போட்டு "வழி"யில குறளைக் காட்டிட்டா முடிஞ்சுது.

களன்ங்கிறதை பப்ளிஷருக்கு வைக்கலாம்னு ஒரு நப்பாசை இருந்துச்சு, வேணாம், வெளியீட்டாளர்னே எல்லாருக்கும் பழகிப்போச்சு.

இப்ப எனக்கு உதவி வேண்டியது காலத்துலதான். வருஷம்-மாசம்-தேதின்னு எண்ணுல போடச் சொல்லி தரநிலை பரிந்துரைக்குது. எங்க கையில இருக்கிற ஒரு சின்ன புத்தகத்தோட தலைப்புப் பக்கத்துல "சர்வசித்து ௵"ன்னு மட்டும் இருக்கு. அறுபது வருஷச் சுத்துல அது 1887-ஆவும் இருக்கலாம், 1947-ஆவும் இருக்கலாம், அதுவும் சித்திரையில தொடங்குறதால 1888 ஆரம்பமாவும் 1948 ஆரம்பமாவும் கூட இருக்கலாம். காகிதத்தைப் பாத்தா பழசுன்னு எனக்குத் தோணுது, ஆனா தோணுறதை எல்லாம் பெட்டில போட முடியுமா? இப்போதைக்கு காலத்துல "சர்வசித்து"ன்னு அச்சுல இருக்கிறபடியே போட்டு, விளக்கத்துல ரெண்டு வருஷத்தையும் எழுதியிருக்கேன். அச்சகத்தோட பேரும் தெருப் பேரும் கிழிஞ்ச பக்கத்துல பாதி தெரியுது, படம் எடுத்து ராத்திரி அனுப்புறேன், பழைய அச்சகங்களைப் பத்தி தெரிஞ்சவங்க யாராவது பாத்து சொல்லுங்க.