நெருக்கடிப் பணியில் தலைமைப் பொறுப்பும் மனவிழிப்பும்

கேள்வி:
அவசர சிகிச்சைப் பிரிவில் 12 செவிலியருக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். சென்ற வாரம் இரவுப் பணியில், விபத்தில் சிக்கிய மூவர் ஒரே நேரத்தில் கொண்டுவரப்பட்டபோது, மருந்தெடுத்து வரச் சற்றுத் தாமதித்த இளம் செவிலியரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவருடைய கை நடுங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை. அமர்ந்து தியானிக்க நேரமே கிடைக்காத இடத்தில் மனவிழிப்பை, அதாவது இந்தக் கணத்தில் நடப்பதை நிதானமாகக் கவனிப்பதை, பழக வழி உண்டா?

பதில் 1:
வணக்கம், சிஸ்டர். தனி நேரம் தேவையில்லை. ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்னும் கிருமிநாசினியைக் கைகளில் தேய்க்கும் அந்த 20 நொடிகளில் மூச்சை மட்டும் கவனியுங்கள். வெளிமூச்சை நீட்டும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பு சற்றுத் தணியும்.

பதில் 2:
அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கபட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய மனவிழிப்புப் பயிற்சி, நாட்பட்ட வலியாலும் நோயாலும் வாடியவர்களுக்காகவே முதலில் உருவானது. ஆள் பற்றாக்குறையை அது தீர்க்காது. பணிப்பட்டியலை இணைத்து, கூடுதல் செவிலியர் வேண்டுமென்று நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்பதும் உங்கள் பொறுப்பே என்பது என் உறுதியான கருத்து.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அந்தச் செவிலியரிடம் நேற்று, பணி ஒப்படைப்பின்போது, எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். கடிதத்தை இன்றிரவு எழுதுகிறேன்.