எடை குறைந்த பாக்கெட்: முதலில் ஆய்வாளரா, ஆணையமா?

தராசுமுள்:
ஒரு கிலோ என்று அச்சிட்ட பாக்கெட்டில் 940 கிராம்தான் இருந்தால் நேராக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள் என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. புகார் முதலில் அங்கேதான் போக வேண்டும். ஆணையத்தில் பெரும்பாலும் வழக்குப் போட்டவருக்கு மட்டும்தான் நிவாரணம். ஆய்வாளர் வந்தால் கிடங்கில் உள்ள சரக்கையே நிறுத்துப் பார்ப்பார், தேவைப்பட்டால் பறிமுதல் செய்வார்.

வழக்குக்கட்டு:
பறிமுதல் செய்த பிறகு என்ன நடக்கிறது? நீதிமன்றம் போகாமல் முடித்துக்கொள்ள நிறுவனம் இணக்கக் கட்டணம் கட்டும், கோப்பு மூடப்படும். பணம் அரசுக்கு, வாங்கியவருக்கு ஒரு ரூபாய் கூடக் கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மிஞ்சிப்போனால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. உத்தரவை மதிக்காவிட்டால் 72ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. இந்தப் பிடி ஆய்வாளரிடம் உண்டா?

தராசுமுள்:
பிடி இருக்கட்டும், எடைக் குறைவை எப்படி நிரூபிப்பீர்கள்? வீட்டுத் தராசில் வைத்து எடுத்த போட்டோவைக் காட்டினால், "இந்தத் தராசுக்கு அரசு முத்திரை இருக்கிறதா?" என்று எதிர்தரப்பு வக்கீல் கேட்பார். அதோடு சரி. பாக்கெட்டைப் பிரித்திருந்தால் கேள்வியே தேவையில்லை. ஆய்வாளரோ முத்திரையிட்ட தராசில் பிரிக்காத பாக்கெட்டை வைத்து, மொத்த எடையிலிருந்து காலி உறையின் எடையைக் கழிப்பார். 2011 பொட்டலப் பொருள் விதிகளில் ஒரு கிலோவுக்கு 15 கிராம் வரை பிழை அனுமதி உண்டு. ஆனால் மாதிரிகளின் சராசரி அச்சிட்ட எடைக்குக் கீழே போகக் கூடாது. 990 கிராம் உள்ள ஒற்றைப் பாக்கெட்டோடு போகிறவர்கள் தோற்பது இதனால்தான். அந்தச் சராசரியைத் தனி ஆள் எடுக்கவே முடியாது.

வழக்குக்கட்டு:
நீங்கள் சொன்ன 940 கிராமில் குறைவு 60 கிராம், அனுமதியைப் போல நான்கு மடங்கு. அதற்குச் சராசரி எதற்கு? நுகர்வோர் சட்டத்தின் 38ஆம் பிரிவில் ஆணையமே மாதிரிக்கு சீல் வைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும், 45 நாளில் அறிக்கை வர வேண்டும். இரண்டு பாக்கெட் வாங்கி ஒன்றைப் பிரிக்காமல் வைத்திருந்தால் போதும். பரிசோதனைக் கட்டணத்தை முதலில் புகார்தாரர்தான் கட்ட வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

கோப்புஎண்:
இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யலாமே. ஆய்வறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், விசாரணை நடக்கிறது என்று 8(1)(h) பிரிவைக் காட்டி மறுக்க வாய்ப்புண்டு. ஆனால் ஆணையத்துக்கு நுகர்வோர் சட்டத்தின் 38(9)இல் சிவில் நீதிமன்ற அதிகாரம் இருக்கிறது. மனுப் போட்டால் அந்த ஆவணத்தை வரவழைக்கும். துறையின் முடிவுக்காகக் காத்திருந்து ஆணையத்தில் வழக்குப் போடுவதற்கான இரண்டு ஆண்டுக் கெடுவைத் தவறவிட வேண்டாம். விளம்பரமே பொய் என்றால் அது வேறு வழி: அதே நுகர்வோர் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மாவட்ட ஆட்சியரிடம் எழுதலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட முடியும்.

தராசுமுள்:
சேர்த்துச் செய்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் புகாரில் பேட்ச் எண், தயாரித்த மாதம், பில் எண் மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். "இந்தக் கம்பெனி ஏமாற்றுகிறது" என்று மட்டும் எழுதினால் ஆய்வாளர் கையில் கிடைக்கும் பேட்ச் வேறாக இருக்கும். அதில் எடை சரியாக இருந்தால் அந்த அறிக்கையை நிறுவனமே ஆணையத்தில் தனக்குச் சாதகமாகத் தாக்கல் செய்யும்.

வழக்குக்கட்டு:
அதனால்தான் ஆணையத்தை முதலில் சொல்கிறேன். என் கையில் இருக்கும் பாக்கெட்டைத்தான் அங்கே சோதிப்பார்கள்.