உல்மா, பாடர்போர்னா? பத்து நாளில் முடிவு சொல்ல வேண்டும்

வணக்கம். என் தங்கைக்கு ஜெர்மனியில் எம்.எஸ்சி. படிக்க இரண்டு இடங்களிலிருந்து அனுமதி வந்திருக்கிறது. எதில் சேர்வது என்று மூன்று வாரமாகத் திணறுகிறோம்.

திருநெல்வேலியில் ஈசிஇ முடித்தவள். ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளை ஜெர்மனிக்காகச் சரிபார்த்துத் தருவது) கையில் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் ஏ2 (அடிப்படை) நிலை வரை படித்திருக்கிறாள். உல்ம், பாடர்போர்ன் இரண்டிலும் ஆங்கிலவழிப் படிப்பு, இரண்டும் நடுத்தரப் பல்கலைக்கழகங்கள். பேராசிரியரிடம் நேரில் போய்ச் சந்தேகம் கேட்கிற அளவுக்கு இடம் சின்னதாக இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதனால் மியூனிக்குக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

செலவுதான் இடிக்கிறது. உல்ம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் நம் போன்றவர்களுக்குப் பருவத்துக்கு (செமஸ்டருக்கு) 1,500 யூரோ கட்டணம். நான்கு பருவத்துக்கு 6,000. பாடர்போர்னில் அந்தக் கட்டணம் இல்லை, பருவப் பங்களிப்பு மட்டும்தான். விசாவுக்காக ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுக் காட்டும் பிளாக்டு அக்கவுண்டுக்கு எப்படியும் 11,904 யூரோ வேண்டும். அப்பா காலண்டர் தாளின் பின்பக்கம் இந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்.

உல்மிலிருந்து ஸ்டுட்கார்ட் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். பாஷ், மெர்சிடிஸ் எல்லாம் அந்தப் பக்கம். பாடர்போர்னில், வாகன மின்னணுவியலைச் சோதிக்கும் கருவிகளும் மென்பொருளும் செய்யும் டிஸ்பேஸ் நிறுவனத்தின் தலைமையகமே இருக்கிறது.

பாடத்திட்டங்களை வரிவரியாக ஒப்பிட்டோம். ஆலோசனை மையத்தில் கேட்டோம். தரவரிசையைத் தவிர எதுவும் சொல்லவில்லை. அப்புறம் இரண்டு துறைகளுக்கும் மின்னஞ்சல் போட்டோம், பொதுவான பதில்தான் வந்தது.

அங்கே படித்தவர்கள் சொல்லுங்கள்: ஏ2 ஜெர்மனோடு வருகிறவளுக்குப் படிக்கும்போதே துறை சார்ந்த பகுதிநேர வேலை கிடைக்க, அந்த 6,000 யூரோவைக் கூடுதலாகக் கொடுத்து உல்முக்குப் போவது தகுமா?