‘தடுப்புக் கம்பி’ ஒன்று போதாது: விமானம் தாங்கிக் கப்பலுக்கு இரண்டு சொற்கள் வேண்டும்

அன்பு நண்பர்களே,

விமானம் தாங்கிக் கப்பல்களின் போர்க்கால வளர்ச்சியைப் பற்றிய கட்டுரையில் நேற்று ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன். நான் எழுதியிருந்தது இது: ‘தடுப்புக் கம்பியைத் தவறவிட்ட விமானம் தடுப்புக் கம்பியில் மோதி நின்றது.’ திரும்பப் படித்தபோது எனக்கே புரியவில்லை.

இரண்டும் வேறு வேறு பொருள்கள். முதலாவது, மேல்தளத்தின் குறுக்கே கிடக்கும் எஃகுக் கயிறு. இறங்கும் விமானத்தின் வாலடியில் தொங்கும் கொக்கி இதில் சிக்கும். கயிறு நீண்டுகொடுத்தபடியே விமானத்தை இழுத்து நிறுத்தும். இரண்டாவது, அதற்கும் முன்னால் நிமிர்த்தி வைக்கும் வேலி. கயிறுகள் எல்லாவற்றையும் தவறவிட்டு வருகிற விமானம், தளத்தின் முன்பக்கம் நிற்கும் மற்ற விமானங்கள் மேல் பாய்ந்துவிடாமல் இது மறிக்கும். இரண்டுக்கும் ‘தடுப்பு’ என்று போட்டால் வாசகர் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

முதலாவதான எஃகுக் கயிற்றுக்கு என்ன சொல் வைக்கலாம் என்று போன வாரம் நம் குழுவில் வந்தவை:

> நிறுத்துகம்பி
> தடுப்புக் கயிறு
> எதற்கு வம்பு, ‘அரெஸ்டர் வயர்’ என்றே எழுதிவிடலாம்

மூன்றாவதை எழுதிய நண்பரின் அலுப்பு புரிகிறது. ஆனால் இந்தப் பொருள் பிறந்த கதையைப் பார்த்தால், நம்மிடம் இருக்கும் ஒரு சொல் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது என்று எனக்குப் படுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1911 ஜனவரி 18 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நின்ற பென்சில்வேனியா என்ற போர்க்கப்பலில் அமெரிக்க விமானி யூஜின் ஈலி விமானத்தை இறக்கினார். கப்பலின் பின்பக்கம் மரப்பலகையில் ஒரு மேடை போட்டிருந்தார்கள். அதன் குறுக்கே 22 கயிறுகள், ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒரு மணல் மூட்டை. விமானத்தின் அடியில் இருந்த கொக்கிகள் கயிற்றைப் பற்ற, மூட்டைகள் பலகையில் இழுபட, விமானம் நின்றது. இதில் மறிப்பது என்று எதுவும் இல்லை. பிடித்து இழுத்து வேகத்தைக் கரைப்பதுதான் வேலை.

அடுத்தது 1917 ஆகஸ்ட் 2. ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோ கடற்பரப்பில் நகர்ந்துகொண்டிருந்த பிரிட்டனின் பியூரியஸ் கப்பலின் முன்தளத்தில் விமானி எட்வின் டன்னிங் தன் சாப்வித் பப் விமானத்தை இறக்கினார். ஓடும் கப்பலில் விமானம் இறங்கியது அதுவே முதல் தடவை. அங்கே கயிறுகூடக் கிடையாது. விமானத்தில் தொங்கிய வார்களை ஆட்கள் ஓடிப்போய்க் கையால் பிடித்து இழுத்தார்கள்! ஐந்தே நாளில், மறுபடி முயன்றபோது விமானம் பக்கவாட்டில் கடலுக்குள் விழுந்து டன்னிங் இறந்துபோனார். கையால் பிடித்த அந்த வேலையைத்தான் பின்னால் எஃகு செய்தது.

1918இல் அதே பியூரியஸின் பின்பக்கம் ஒரு இறங்குதளம் அமைத்தார்கள். நம் விவாதத்துக்கு முக்கியமான இடம் இதுதான். தளத்தில் கம்பிகளை நீளவாக்கில் கட்டினார்கள். அன்றைய விமானம் அவ்வளவு லேசு. இறங்கியபின் ஒரு பக்கக் காற்று அடித்தால் போதும், தூக்கிக் கடலில் போட்டுவிடும். அதனால் பக்கவாட்டில் போகவிடாமல் பிடித்துக்கொள்ளக் கம்பி. தளத்தின் கோடியில், புகைபோக்கியில் போய் மோதாமல் இருக்க, மேலிருந்து வரிசையாகத் தொங்கவிட்ட கயிறுகள். ஆக, பிடிப்பதும் மறிப்பதும் அன்றைக்கே ஒரே கப்பலில் தனித்தனி வேலை. நீளவாக்குக் கம்பிகளால் விமானங்கள் சேதப்பட்டதுதான் மிச்சம். 1920களின் நடுவில் பிரிட்டிஷார் அவற்றைக் கைவிட்டார்கள்; சில வருடம் எந்தக் கம்பியும் இல்லாமலே இறங்கினார்கள். குறுக்குக் கயிறுகளுக்கு அவர்கள் வந்தது 1930களில்தான்.

அமெரிக்கர்கள் நிலக்கரிக் கப்பல் ஒன்றை மாற்றி 1922இல் லாங்லி என்ற விமானம் தாங்கிக் கப்பலைப் பணியில் சேர்த்தார்கள். சில வருடம் கழித்து கடற்படை அதிகாரி ஜோசப் ரீவ்ஸ் அதில் ஒரு புது வழக்கத்தைப் புகுத்தினார். இறங்கிய விமானத்தை உடனே லிஃப்டில் கீழே அனுப்பாமல் தளத்தின் முன்பக்கமே நிறுத்திவிட்டு, பின்பக்கம் அடுத்ததை இறக்குவது. நேரம் மிச்சம்; கப்பல் ஏந்தும் விமானங்களும் கூடும். ஆனால் கயிற்றைத் தவறவிடும் ஒரே ஒரு விமானம், முன்னால் நிற்கும் அத்தனையையும் நொறுக்கிவிடும். அதற்காகத்தான் வேலி. விமானம் கயிற்றில் சிக்கியதும் வேலியை மடக்குவார்கள், அது உருண்டு முன்னே போகும், உடனே வேலி மறுபடி நிமிரும். இதன் பலனை இரண்டாம் உலகப் போர்க் கப்பல்களில் பார்க்கலாம். பிரிட்டனின் இல்லஸ்ட்ரியஸ் 36 விமானங்களுக்காகத் திட்டமிடப்பட்ட கப்பல். அமெரிக்காவின் எசெக்ஸ் ஏந்தியது 90 அளவுக்கு. இந்த வித்தியாசத்துக்கு, இல்லஸ்ட்ரியஸின் தளம் கனமான கவசத் தகடு என்பது ஒரு பெரிய காரணம். ஆனால் வேலிக்கு முன்னால் விமானங்களை நிறுத்திவைக்கும் பழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு.

கயிறு இல்லாவிட்டால் என்ன பாடு என்பதற்கு 1940 ஜூன் மாத நார்வே. அங்கிருந்து பிரிட்டிஷார் பின்வாங்கியபோது 10 ஹரிக்கேன் போர்விமானங்களை குளோரியஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலில் இறக்க வேண்டியிருந்தது. அவற்றில் கொக்கி கிடையாது. பிரேக்கை முழுசாக அழுத்தினால் மூக்கு குப்புறக் கவிழும் என்பதால், வாலில் மணல் மூட்டை வைத்துக் கட்டி இறக்கினார்கள். பத்தும் பத்திரமாக இறங்கின. மறுநாளே ஜெர்மன் போர்க்கப்பல்கள் குளோரியஸை மூழ்கடித்தன. அந்த ஹரிக்கேன் விமானிகளில் பிழைத்தவர்கள் இரண்டே பேர்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை பறிக்க ஒரு துறட்டி உண்டு. கொக்கியைக் கிளையில் மாட்டி இழுத்தால் கிளை வளைந்துகொடுக்கும், ஆனால் விடாது. எடுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். கப்பல் கயிறும் இப்படித்தான். இரு முனைகளும் கப்பிகள் வழியாகத் தளத்துக்குக் கீழே போய் நீரழுத்த உருளையில் சேர்கின்றன. விமானம் இழுக்க இழுக்க உருளைக்குள் திரவம் சிறு துளை வழியே பிதுங்கும். அந்த எதிர்ப்பில் வேகம் அடங்கும். ஆட்கள் கொக்கியை விடுவித்ததும் கயிறு பழைய இடத்துக்கு ஓடிவிடும். ‘நிறுத்துகம்பி’யில் இந்த நீண்டுகொடுத்தல் இல்லை. ‘கம்பி’ என்றாலே விறைப்பாக நிற்பது நினைவுக்கு வருகிறது. தேரை இழுப்பது வடம். பழனியில் ஓடுவது கம்பிவட ஊர்தி. எனவே என் பரிந்துரை: பிடிவடம். மற்றதற்கு தடைக்கம்பி. கொக்கிக்கு வால்கொக்கி.

உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன்.

——

ஐயா, வணக்கம்.

துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். எஃகுக் கயிற்றை நாங்கள் ‘வயர் ரோப்’ என்போம். ஆனால் வடம் என்றாலும் எங்கள் ஆட்களுக்குப் புரியும். பிடிவடம் எனக்குச் சம்மதம். வேகமாகச் சொன்னால் ‘பிடிவாதம்’ மாதிரி கேட்கிறது, அது ஒன்றுதான் குறை. எழுத்தில் குழப்பம் வராது.

தடைக்கம்பி வேண்டாம். கம்பி என்பதைப் பிடிவடத்திலிருந்து எடுத்துவிட்டு இங்கே கொண்டுவந்து வைப்பானேன்? நீங்களே உங்கள் கடிதம் முழுக்க அதை வேலி என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கால் நட்டுக் குறுக்கே கம்பி இழுத்தால் அது வேலிதானே. ‘தடைவேலி’ என்று வையுங்கள்.

இன்னொன்று. 1950களில் சாய்வுத் தளம், அதாவது இறங்கும் பாதை நேராக முன்னே போகாமல் ஒரு பக்கமாகக் கோணத்தில் விலகிப்போகும் தளம், வந்தபின் இந்த வேலிக்கு அன்றாட வேலை போய்விட்டது அல்லவா? வடத்தைத் தவறவிட்ட விமானம் அப்படியே மேலே ஏறி, சுற்றிவந்து மறுபடி இறங்கலாமே. நம் பழைய விக்ராந்த் 1943இல் போர்க்காலத்தில் கட்டத் தொடங்கியது. 1961இல் நம்மிடம் வந்தபோது சாய்வுத் தளத்தோடுதான் வந்தது. அதையும் எழுதுங்கள். அப்படிச் சுற்றிவருவதற்கும் ஒரு சொல் தேவைப்படும்.

——

ஐயா, மிக்க நன்றி. நானே எழுதிய சொல் என் கண்ணில் படவில்லை. தடைவேலி என்றே வைத்துக்கொள்கிறேன். சாய்வுத் தளத்தையும் சேர்க்கிறேன். 1951இல் அந்த யோசனையை முன்வைத்த டென்னிஸ் கேம்பல் பெயரும் வரும். சுற்றிவருவதற்கு ‘மறுஎழுச்சி’ என்று தோன்றுகிறது, ஆனால் அரசியல் மேடை வாடை அடிக்கிறது. யாருக்காவது நல்ல சொல் கிடைத்தால் தனி இழையில் எழுதுங்கள்.

வரியைத் திருத்திவிட்டேன்: ‘பிடிவடத்தைத் தவறவிட்ட விமானம் தடைவேலியில் மோதி நின்றது.’