டெல்டாவில் 500 ரூபாய்க்குள் ராத்தங்கல்: வண்டியிலா, மண்டபத்திலா?

நாட்டாறு_66: ஓய்வுபெற்ற தம்பதி, மாருதி ஈக்கோ, தை மாசம் 20 நாள். கல்லணை, தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, கோடியக்கரை. தங்கலுக்கு ராத்திரிக்கு 500 ரூபாய்க்கு மேல் இல்லை. கூடாரம் போட இடம் இருக்கா, இல்லை வண்டியிலேயே படுத்துக்கலாமா?

வேன்வாசி: கூடாரத் திடல்னு பலகை தேடிப் போனா டெல்டாவில் வயல்தான் இருக்கும். வண்டியையே வீடாக்குங்க. பின் சீட்டை மடக்கி, 12 எம்எம் பிளைவுட் ரெண்டு துண்டு, மேல 3 அங்குல நுரை மெத்தை. போல்ட் அடிச்சு நிலையா மாட்டாதீங்க. சீட்டைக் கழட்டினா ஆர்சி புத்தகத்தில் இருக்கிற இருக்கைக் கணக்கு மாறும், இன்சூரன்ஸ் கேட்கும்போது அது வம்பு.

விசிறிக்குத் தனி பேட்டரி கட்டாயம். 25 வாட் விசிறி 8 மணி நேரம் ஓடினா 200 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கு, நாலஞ்சு ராத்திரி தாங்கும். அதே விசிறியை வண்டியோட 35 ஏஎச் பேட்டரியில் சொருகினா ஒரே ராத்திரியில் பாதி காலி. காலையில் சாவி திருப்பினா 'டிக் டிக்'னு மட்டும் கேட்கும்.

நிறுத்த இடம்: நெடுஞ்சாலையில் 24 மணி நேர பங்க். டீசலோ பெட்ரோலோ போட்டுட்டு மேலாளர்கிட்ட கேட்டு ஓரமா நிறுத்துங்க. குடிதண்ணியும் கழிப்பறையும் பங்க்கில் இலவசமாத் தரணும்னு விதியே இருக்கு.

மண்டபக்கணக்கு: விதி இருக்கு, பூட்டும் இருக்கு சார். ராத்திரி 11 மணிக்கு மேல் கழிப்பறைச் சாவி யார்கிட்ட இருக்குன்னு கண்டுபிடிக்கவே அரை மணி ஆகும். அறுபது தாண்டினவங்க ராத்திரி ரெண்டு தடவையாவது எழுந்திரிப்பாங்க. அதை வச்சுத்தான் இடம் பார்க்கணும், மெத்தையை வச்சு இல்ல.

இந்த மண்ணுக்குக் கூடாரம் பழக்கமே கிடையாது, சத்திரம்தான். ராமேஸ்வரம் போற யாத்ரிகர்களுக்குன்னு மராட்டிய ராஜாக்கள் வழிநெடுகக் கட்டி வச்சாங்க. ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரம் 1802ல் சரபோஜி கட்டினது. இன்னைக்கு அந்த வேலையைச் செய்யறது கோயில் விடுதியும் கல்யாண மண்டபமும். மண்டபத்தில் அறை, போர் தண்ணி, கேட், உள்ளே வண்டி நிறுத்த இடம், எல்லாம் இருக்கு. மேனேஜர்கிட்ட "ஒரு அறை மட்டும், ஒரு ராத்திரி"ன்னு கேளுங்க, ஆதார் நகல் கையில் வச்சுக்கோங்க.

வேன்வாசி: அண்ணே, அவங்க போறது தையில. மார்கழின்னா மண்டபத்தில் ஈ ஓட்டுவாங்க, நீங்க சொல்றது சரி. தை பொறந்தா முகூர்த்தம். ஒரு அறை யார் தருவா?

மண்டபக்கணக்கு: காலண்டரைக் கிழிக்காம பாருங்க தம்பி. முகூர்த்த நாள், அதுக்கு முந்தின ராத்திரி, இந்த ரெண்டும்தான் நிரம்பும். மாப்பிள்ளை அழைப்பு முந்தின நாள் சாயந்திரமே வந்திடும். நடுவுல இருக்கிற நாளுக்கு அறை கிடைக்கும். பயணத்தை அதுக்கேத்த மாதிரி மாத்திக்கலாம், ரிட்டயர் ஆனவங்களுக்கு என்ன லீவா தீரப் போகுது? திருநள்ளாறு மட்டும் வெள்ளி ராத்திரி வேண்டாம், சனிக்கிழமைக் கூட்டம் அப்பவே இறங்கிடும். ரயில்வே ஓய்வறையை நம்பாதீங்க, டிக்கெட் இருந்தாத்தான் அறை.

படுகைக்காரன்: ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. யூடியூப் பார்த்துட்டு கொள்ளிடம் மணலில் கூடாரம் போடறவங்க இருக்காங்க. செய்யவே கூடாது. மேட்டூர் அணையில் தண்ணி திறக்கற காலம் வழக்கமா ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. உபரி வந்தா, திருச்சிக்கிட்ட காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியற முக்கொம்பிலேயே அதைக் கொள்ளிடத்துக்குத் திருப்பிடுவாங்க, வானம் வெளுத்திருக்கும்போதே ஆத்தில் தண்ணி ஏறும். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி அதே முக்கொம்பில் 9 மதகு இடிஞ்சு விழுந்தது ஞாபகம் இருக்கட்டும்.

வரப்போரமும் வேண்டாம். அறுப்புக் காலத்தில் எலிக்குப் பின்னால பாம்பு வரும். கட்டுவிரியன் தூங்கறவங்களைக் கடிக்கும், கடிச்ச இடத்தில் வீக்கமோ வலியோ பெரிசா இருக்காது. கண் இமை தொங்க ஆரம்பிக்கறப்பதான் தெரியும்.

இன்னொண்ணு, ரோட்டில் காயற வைக்கோல், உளுந்துச் செடி மேல வண்டியை நிறுத்தாதீங்க. அடியில சைலன்சர் சூடா இருக்கும், பத்திக்கும். நெல் கொள்முதல் நிலையம் பக்கத்தில் நிறுத்தினா ராத்திரி முழுக்க லாரி, மூட்டை, சத்தம்.

நாட்டாறு_66: புழுக்கமா இருந்தா ஏசி போட்டுட்டு வண்டியிலேயே தூங்கலாமா?

வேன்வாசி: கூடவே கூடாது. நின்ன இடத்தில் எஞ்சின் ஓடினா புகையில் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம், வாசனையே இருக்காது. கணக்கும் உதைக்கும்: மணிக்கு ஒரு லிட்டர்னு வச்சாலும் 8 மணி நேரத்துக்கு 800 ரூபாய் பெட்ரோல். எதிரெதிர் ஜன்னல் ரெண்டையும் 2 அங்குலம் இறக்கி, காந்தப் பட்டை கொசுவலை ஒட்டுங்க. ஒரு ஜன்னல் மட்டும் இறக்கினா காத்து சுத்தாது, காலையில் கண்ணாடி உள்பக்கம் தண்ணி வழியும்.

மண்டபக்கணக்கு: 800க்கு நான் ரெண்டு பேருக்கும் அறை, டிபன் எல்லாம் முடிச்சிடுவேன்.

படுகைக்காரன்: கோடியக்கரையில் ரெண்டு கணக்கும் செல்லாது. அது சரணாலயம், உள்ளே கூடாரமோ வண்டித் தூக்கமோ கிடையாது. வனத்துறை ஓய்வில்லம் வேணும்னா முன்கூட்டியே அனுமதி. இல்லைன்னா வேதாரண்யத்தில் தங்கி, விடியக்காலை உள்ளே போங்க. அந்தக் கடலோரம் போர் தண்ணி உப்பு, 20 லிட்டர் கேன் ஒண்ணு திருத்துறைப்பூண்டியிலேயே ஏத்திக்கோங்க.