காட்டுக் கொரில்லாவின் குடலில் கிடைத்த பாக்டீரியா: புதிய இனம் என்று எப்போது சொல்லலாம்?

கேள்வி: கயல்

வணக்கம். நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறேன். காபோன் நாட்டின் முகலாபா-டூடூ தேசியப் பூங்காவில் வாழும் மேற்குத் தாழ்நிலக் கொரில்லாவின் மலத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு, 2014இல் ‘பிஃபிடோபாக்டீரியம் முகலாபென்ஸ்’ என்று அந்தக் காட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பாக்டீரியாக்களை இனங்காண ஒப்பிடும் 16எஸ் மரபணுவின் வரிசை, அறியப்பட்ட எந்த இனத்தோடும் 98.7 விழுக்காடு கூட ஒத்துப்போகவில்லை என்றால் அது புதிய இனம் என வகுப்பில் சொன்னார்கள். அந்த ஒரு மரபணுவைப் படித்தால் போதாதா? அதை உயிரோடு வளர்த்தெடுக்க ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்?

மறுமொழி: ஆய்வகத்தான்

அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் புதிய இனமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிக்கலெல்லாம் அதற்கு மேலே இருக்கும்போதுதான். ஆந்த்ராக்ஸ் நோயை உண்டாக்கும் பேசில்லஸ் ஆந்த்ராசிஸுக்கும், ஆறிப்போன சோற்றில் பெருகி வயிற்றைக் கெடுக்கும் பேசில்லஸ் சீரியஸுக்கும் இந்த மரபணு ஏறத்தாழ ஒன்றேதான். ஆகவே இப்போது முழு மரபணுத் தொகுதியையும் படித்து ஒப்பிடுகிறார்கள். சராசரி ஒற்றுமை 95 முதல் 96 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வேறு இனம் என்று கொள்கிறார்கள்.

வளர்ப்பதற்குக் காரணம் பெயரிடும் விதிமுறை. இனத்துக்கு அடையாளமாக நிற்கும் திரிபை, அதாவது பிரித்தெடுத்த அந்தத் தூய வளர்ப்பை, இரு வேறு நாடுகளில் உள்ள இரண்டு சேமிப்பகங்களிலாவது உயிரோடு ஒப்படைக்க வேண்டும். முகலாபென்ஸ் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்கி, எந்தச் சர்க்கரையை நொதிக்கிறது, எந்த வெப்பத்தில் வளர்கிறது என்று மறுபடி சோதிக்கலாம்.

மறுமொழி: காடோடி

களத்து வேலையையும் சொல்லிவிடுகிறேன். இவற்றுள் பல ஆக்சிஜன் பட்டால் மாண்டுவிடும்; மலம் விழுந்து நேரமாகிவிட்டால் மண்ணின் பாக்டீரியாக்களும் கலந்துவிடும். எனவே புதிதாக விழுந்ததைத் தேடி, தரையில் படாத உட்பகுதியிலிருந்து மாதிரி எடுப்பதே நல்லது. விலங்குக்காட்சிச்சாலை விலங்கின் மலம் எளிதில் கிடைக்குமே என்று தோன்றும். ஆனால் அடைபட்டு வாழும் குரங்குகள் தம் சொந்தக் குடல் நுண்ணுயிர்களை இழந்து, மனிதக் குடலை ஒத்த நிலைக்கு நகர்வதை 2016இல் டூக் லங்கூர்களிலும் ஊளைக்குரங்குகளிலும் காட்டியிருக்கிறார்கள். இதற்கு விலக்கும் உண்டு: லாக்டோபேசில்லஸ் கொரில்லே அடைபட்ட கொரில்லாக்களிடமும் கிடைத்தது, காட்டுக் கொரில்லாக்களிடமும் கிடைத்தது. 2020இல் லாக்டோபேசில்லஸ் பேரினத்தையே உடைத்துப் பிரித்தபோது, அது லிமோசிலாக்டோபேசில்லஸ் கொரில்லே ஆகிவிட்டது.

கயல்

இருவருக்கும் நன்றி. வளரவே மறுப்பவற்றை என்ன செய்வது?

மறுமொழி: ஆய்வகத்தான்

‘கேண்டிடேட்டஸ்’ என்ற முன்னொட்டோடு தற்காலிகப் பெயர் வைப்பது பழைய வழி. 2022இல் வந்த ‘சீக்கோட்’ விதித்தொகுப்பு, தரமான மரபணுத் தொகுதியையே இனத்தின் அடையாளமாக ஏற்றுக்கொள்கிறது. எனக்கு இதில் அரைமனதுதான். ஒரு பாக்டீரியா கொரில்லா தின்னும் இலையின் நாரை உண்மையில் செரிக்கிறதா என்பதை மரபணு வரிசையைக் கொண்டு ஊகிக்கலாம். சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் அது குழாயில் வளர்ந்தாக வேண்டும்.